சிவப்பு நூல் கட்டிய டம்ளர்

நான் இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது, அம்முணி. சுகாதார நிலையத்து நர்ஸ் ஸ்டெல்லா சிஸ்டர் சொன்னால் அழகாகச் சொல்வார். எதை முதலில் சொல்ல வேண்டும், எதைப் பின்னால் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரியும். நான் ஆறாவதோடு நின்றவள். எனக்கு வாயில் வருகிற வரிசைதான் வரிசை. ஆனால் புதிதாகக் குழந்தையை விட வருகிற ஒவ்வொரு தாயிடமும் நானே என் வாயால் சொல்ல வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதனால் உட்கார். அங்கே இல்லை, அந்தப் பாய் ஈரம். இப்படி வா. கம்பெனிக்கு நேரமாகிறது என்று எனக்கும் தெரியும். சீக்கிரம் சொல்லிவிடுகிறேன்.

உன் மகள் எதையும் எடுத்து வாயில் வைப்பாளா? வைக்கத்தான் செய்வாள். இந்த வயதில் எல்லாம் வாயில்தான் போகும். கடிப்பாளா? இதோ இந்தத் தொட்டிலில் தூங்குகிறானே, இவன் கடிப்பான். சொல்லி வைக்கிறேன், பிறகு என்னைச் சொல்லாதே.

போன சித்திரையில் நடந்தது. வரிசையாக ஒட்டிக் கட்டிய இந்த லைன் வீட்டுப் பெண்கள் எல்லாருமே பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள். மாமியார் ஊரில் இருப்பாள், அம்மா ஊரில் இருப்பாள், இங்கே திருப்பூரில் குழந்தையைப் பார்க்க யார் இருக்கிறார்கள்? மயிலாத்தாதான் இருக்கிறாள். எத்தனை வருடமாகப் பார்க்கிறேன் என்று கேட்காதே, என்னிடம் வளர்ந்த பிள்ளைகள் இப்போது மீசையோடு பைக்கில் போகிறார்கள். ஒரு பிள்ளைக்கும் ஒரு குறை வைத்ததில்லை. இதை நீ யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுக்கொள். பக்கத்து வீட்டுக் கோகிலாவிடம் மட்டும் கேட்காதே.

போன சித்திரை எப்படி வெயில் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். தகரக் கூரை. உள்ளே உட்கார்ந்தால் வேகும். பிள்ளைகளுக்கெல்லாம் வேனல் கட்டி. தலையில், கழுத்தில், தொடை இடுக்கில், பாவம், படுக்க முடியாமல் அழும். அதற்கு என் கைதான் மருந்து. கட்டி பழுத்து முனை வெளுத்தவுடன் தாலிக்கொடியில் தொங்குகிற ஊக்கைக் கழற்றி, தேங்காய் எண்ணெயில் ஒரு தொடு தொட்டு, குழந்தைக்கே தெரியாமல் ஒரே குத்து. பிதுக்கி எடுத்து, மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசிவிட்டால் அன்றைக்கே குழந்தை தூங்கும். டாக்டரிடம் போனால் களிம்பு எழுதிக் கொடுத்து அனுப்புவார். தாய்மார்கள் அவர்களே கேட்பார்கள், "அக்கா, உங்க கையால உடைச்சு விடுங்க, உங்களுக்குக் கைராசி"ன்னு. கோகிலாவும்தான் கேட்டாள். இப்போது கேட்டால் இல்லை என்பாள்.

அடுப்பில் பால் வைத்திருக்கிறேன், இரு.

எங்கே விட்டேன்? சுகந்தி. சுகந்தி என்று ஒருத்தி, தேனிப் பக்கத்துப் பெண், தைத்த பனியனில் குறை பார்க்கிற செக்கிங் வேலை. அவளுக்கு ஒரு மகள், தமிழினி, மூன்று வயதுகூட ஆகவில்லை. அப்போது சுகந்தி மறுபடி மாசமாக இருந்தாள். ஒரு நாள் சாயங்காலம் குழந்தையை எடுக்க வந்தவள் எடுத்துக்கொண்டு போகாமல் வாசலிலேயே நின்றாள்.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். சொல்லலைன்னா எனக்கு மனசு கேக்காது."

"என்ன சுகந்தி, வீடு மாறப் போறியா?"

"இல்லக்கா. மாசமா இருக்கேன்னு ஆஸ்பத்திரில ரத்தம் எடுத்தாங்கல்ல. அதுல மஞ்சள் காமாலை பி இருக்குன்னு வந்திருக்கு. தமிழினிக்கும் ரத்தம் பாக்கச் சொல்லியிருக்காங்க. அதுவரைக்கும் அவளுக்கு அடிகிடி பட்டு ரத்தம் வந்தா வெறுங்கையால தொடாதீங்க. அவ்வளவுதான்க்கா."

அவ்வளவுதான் என்றாள், பார். காமாலை என்றால் சும்மாவா? நான் அவளை வெளிச்சத்துக்கு இழுத்து நிறுத்தி இமையைக் கீழே இழுத்துக் கண்ணைப் பார்த்தேன். வெள்ளையாக இருந்தது. பாலில் போட்ட மாதிரி வெள்ளை. "உனக்கு ஒண்ணும் இல்லை புள்ள, ஆஸ்பத்திரில மாத்திச் சொல்லியிருப்பாங்க" என்றேன். "இல்லக்கா, ரெண்டு தடவ பாத்துட்டாங்க. வெளியில ஒண்ணும் தெரியாதாம்" என்றாள்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. கோகிலாவிடம் மட்டும்தான் சொன்னேன். அவளிடம் சொல்லாமல் இருக்க முடியுமா? அவள் மகன் ரித்தீஷும் இங்கேதான் இருக்கிறான், பக்கத்து வீடு வேறு. "உன் மனசோட வச்சுக்க"ன்னு சொல்லித்தான் சொன்னேன். மறுநாள் காலையில் எல்லாத் தாய்மாரும் என் வாசலில் நிற்கிறார்கள்.

"மயிலாக்கா, அந்தப் புள்ளைய இன்னும் உள்ள வச்சிருக்கீங்களா?"

"ஒண்ணு, அவ இருக்கணும். இல்ல, எங்க புள்ளைங்க இருக்கணும்."

"என்ற பையன் அவ எச்சில் பண்ண முறுக்கைத் தின்னுட்டு வந்தானுங்க" என்று கோகிலா ஒரு பக்கம். "அவ புருஷன் லாரில போறவன்தானே. எந்த ஊர்ல எவகிட்ட வாங்கிட்டு வந்து குடுத்தானோ."

நான் அப்போதும் தமிழினியை விட்டுக்கொடுக்கவில்லை. அதை நீ நினைத்துப் பார்க்க வேண்டும். வேறு ஒருத்தியாக இருந்தால் அன்றைக்கே குழந்தையைத் தூக்கித் தெருவில் விட்டிருப்பாள். நான் அப்படிச் செய்யவில்லை. அந்தக் குழந்தைக்கென்று தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் பாய். டம்ளர் மாறிவிடக் கூடாது என்று அதன் கழுத்தில் சிவப்பு நூல் கட்டினேன். அவள் குடித்த டம்ளரைத் தனியாகச் சாம்பல் போட்டுத் தேய்த்துத் தனியாகக் கவிழ்த்து வைத்தேன். எவ்வளவு வேலை! பாயை வாசல் பக்கம், காற்று வருகிற இடத்தில் போட்டேன். மற்றப் பிள்ளைகளுக்குக் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கித் தினமும் ஒரு வாய். துப்பும் சனியன்கள். மூக்கைப் பிடித்து ஊற்றினேன். காலையில் வந்தவுடன் வரிசையாக நிறுத்தி ஒவ்வொருத்தர் கண்ணையும் பார்ப்பேன்.

எங்கள் வீட்டுக்காரர், வாட்ச்மேன் வேலை முடித்துக் காலையில் வந்து படுக்கிறவர், ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டுக் கேட்டார், "ஏன்டி, புள்ளைகளைப் பாக்கறியா, மாட்டுச் சந்தையில மாடு புடிக்கறியா?" அவருக்கு எல்லாம் விளையாட்டு.

அந்தத் தமிழினி இருக்கிறாளே, நல்ல குழந்தை. முதலில் அவளுக்கு ஒரே பெருமை. "இது என் டம்ளர், இதுல நூல் இருக்கு, உங்களுக்கு இல்லை" என்று எல்லாரிடமும் காட்டினாள். பிறகு இந்தக் குட்டிகள் அவள் கிட்டே வந்தால் "ஏய், போ, போ" என்று கத்த ஆரம்பித்தன. நான் சொல்லித் தரவில்லை. தாய்மார்கள் வீட்டில் சொல்லியிருப்பார்கள். கொஞ்ச நாளில் நான் சொல்லவே வேண்டாம், வந்தவுடன் அவளே பாயை எடுத்துக்கொண்டு போய் வாசலில் விரித்து உட்கார்ந்துகொள்வாள். ஒரு சத்தம் கிடையாது. அப்படி ஒரு அடக்கம். மூன்று வயதுக் குழந்தைக்கு அந்தப் புத்தி எங்கே வரும், சொல்.

கட்டியா? ஆமாம், அவளுக்கும் கட்டி வந்தது. காதுக்குப் பின்னால். வெயில் யாரை விட்டது? உடைத்துவிட்டேன். ரித்தீஷுக்குக் கழுத்தில் வந்தது, அவனுக்கும் உடைத்தேன். சுகந்தி ரத்தத்தைத் தொடாதே என்றாள் என்பது எனக்கு மறக்கவில்லை. ஆனால் ரத்தம் என்றால் அடிபட்டு வருவதுதானே? கட்டியில் வருவது கெட்ட நீர். அது வெளியே வந்தால் நல்லது. அப்படித்தான் நான் நினைத்தேன். நீயாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பாய். ஊக்கை முந்தானையில் நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் மாட்டிக்கொண்டேன்.

டேய், அந்தச் செருப்பை வாயில் வைக்காதே. வைக்காதே என்றேன்.

கோகிலாவுக்கு டம்ளரும் பாயும் போதவில்லை. குழந்தையை வெளியே அனுப்பியே ஆக வேண்டும். அரசாங்கத்து ஆள் வந்து சொன்னால் மயிலாத்தா கேட்பாள் என்று நினைத்து, அவளே போய் சுகாதார நிலையத்தில் ஸ்டெல்லா சிஸ்டரிடம் சொல்லிவிட்டு வந்தாள். சிஸ்டர் ஞாயிற்றுக்கிழமை வந்தார். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் எல்லாரும் கூடினோம். அப்பன்மார்களும் வர வேண்டும் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். இரண்டு பேர் வந்தார்கள், அதில் ஒருவர் தண்ணீர் பிடிக்க வந்தவர். சுகந்தி தள்ளி ஒரு ஓரமாகக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

கோகிலாதான் ஆரம்பித்தாள். "சிஸ்டர், நீங்களே சொல்லுங்க. காமாலை இருக்கற வீட்டுப் புள்ளைய நாலு புள்ளைங்களோட விடலாமுங்களா?"

"தாராளமா விடலாம்" என்றார் சிஸ்டர்.

எல்லாரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம்.

"காமாலைல பல வகை இருக்கும்மா. நீங்க பயப்படறது தண்ணியில, சாப்பாட்டுல வர்றது. அது கண்ணு மஞ்சளாகிக் கொஞ்ச நாள்ல சரியாயிடும். இது பி. இது ரத்தத்துல இருக்கறது. பெரியவங்களுக்கு வந்தா நூத்துல தொண்ணூறு பேருக்கு மேல உடம்பே அதைத் துரத்திடும். பச்சைக் குழந்தைக்கு வந்தா போகாது. ஒரு வலி இல்லாம, ஒரு காய்ச்சல் இல்லாம உள்ளயே உக்காந்திருக்கும். அந்தக் குழந்தை வளந்து, கல்யாணம் பண்ணி, நல்லா இருக்கறப்ப கல்லீரலைக் கெடுக்கும். அதனாலதான் பொறந்த அன்னைக்கே ஊசி போடுன்னு தொண்டை வத்தக் கத்தறோம்."

"ஒரே டம்ளர்ல தண்ணி குடிச்சா?"

"வராது."

"ஒண்ணாப் படுத்தா?"

"வராது."

"முத்தம் குடுத்தா, இருமினா, ஒரே தட்டுல சாப்பிட்டா?"

"வராதும்மா. தொட்டா வராது, தூக்கினா வராது. இவங்க தாய்ப்பால் குடுத்தாலும், குழந்தைக்கு ஊசி போட்டிருந்தா வராது."

"அப்புறம் இவளுக்கு எப்படி வந்துதாம்?" என்று கோகிலா சுகந்தியைக் கையால் காட்டினாள். "காத்துல வந்துதா?"

"இவங்களைப் பெத்த அம்மாகிட்ட இருந்து பிரசவத்துல வந்திருக்கலாம். அப்போ இந்த ஊசி எல்லாருக்கும் ஏது? இவங்க புருஷனுக்குப் பாத்தாச்சு, அவருக்கு இல்லை. உங்களுக்குப் பாத்தாச்சா கோகிலா?"

கோகிலா காட்டின கையை இறக்கினாள். எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று, பொய் சொல்வானேன். ஆனால் அடுத்து என்ன நடந்தது தெரியுமா? "அப்போ எதுலதான் வரும், அதைச் சொல்லுங்க" என்று அந்தத் தண்ணீர் பிடிக்க வந்த மனிதர் கேட்டார். சிஸ்டர் சொல்ல வாயெடுத்தவர், முன்னால் மண்ணில் விளையாடிக்கொண்டிருந்த ரித்தீஷைப் பார்த்தார். அவன் கழுத்தில் மஞ்சள் பூச்சு இருந்தது. அவனைக் கிட்டே கூப்பிட்டுத் திருப்பிப் பார்த்தார்.

"இந்தக் கட்டி தானா உடைஞ்சுதா?"

"இல்லீங் சிஸ்டர், நான்தான் உடைச்சேன்" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். எனக்கென்ன தெரியும்?

"எதால?"

"இதாலதான்" என்று தாலிக்கொடியை வெளியே எடுத்து ஊக்கைக் காட்டினேன்.

"வேற யாருக்கு உடைச்சீங்க?"

"எல்லாருக்கும்தான். எத்தனை வருசமா உடைக்கறேன், ஒரு புள்ளைக்கும் சீழ் கோத்ததில்லைங்க."

"தமிழினிக்கு?"

"அவளுக்கும்தான்."

"யாருக்கு முதல்ல?"

அதை நான் யோசித்துச் சொல்ல வேண்டியிருந்தது. தமிழினிக்கு முதலில். மறுநாள் ரித்தீஷுக்கு.

தண்ணீர்க் குழாயை யாரோ மூடினார்கள். சிஸ்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட எனக்கு வாய் இருந்தது, பதில் சொல்லியிருப்பேன். அவர் மெதுவாகச் சொன்னார், "இதுலதான் வரும்மா. ஒருத்தர் ரத்தம் இன்னொருத்தர் ரத்தத்துல சேர்றதுல. கண்ணுக்குத் தெரியாத அளவு போதும். துடைச்சாலும் போகாது. காஞ்ச ரத்தத்துலகூட ஒரு வாரம் உயிரோட இருக்கும். ஊக்கு, பிளேடு, பல் தேய்க்கற பிரஷ், நகவெட்டி, காது குத்தற ஊசி. மொட்டை அடிக்கறப்போ ஒரே கத்தியில வரிசையா நாலு புள்ளைங்களுக்கு வழிக்கறாங்களே, அதுல. டம்ளருக்கு நூல் கட்டினீங்க. அதுல ஒண்ணுமே இல்லை."

நகவெட்டி என்று சொன்னதும் நான் கையை மடக்கிக்கொண்டேன். வாரத்தில் ஒரு நாள், வெள்ளிக்கிழமை இல்லாத நாளாகப் பார்த்து, எல்லாருக்கும் நகம் வெட்டுவது நான்தான். ஒரே நகவெட்டி.

கோகிலா எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. "என்ற பையனைக் கொல்லப் பாத்தியாடி" என்றாள். என்னை, அம்முணி. அவளைவிடப் பதினைந்து வயது மூத்த என்னை. அதுவரை சுகந்தியைப் பார்த்துக்கொண்டிருந்த கண்ணெல்லாம் என் பக்கம் திரும்பியது. சுகந்தி மட்டும் என்னைப் பார்க்கவில்லை. அவள் தமிழினியின் காதுக்குப் பின்னால் இருந்த வடுவை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

சிஸ்டர் எல்லாரையும் உட்கார வைத்தார். "முதல்ல இதைச் சொல்லுங்க, எந்தக் குழந்தைக்கு ஊசி எல்லாம் போட்டிருக்கு?" பிறந்த அன்றைக்கு ஒன்று, ஒன்றரை மாதத்திலிருந்து மாதத்துக்கு ஒன்றாக மூன்று. எல்லாத் தாயும் போட்டாச்சு, போட்டாச்சு என்றார்கள். போட்ட குழந்தைகளுக்குப் பயமில்லை என்றார் சிஸ்டர். தமிழினிக்கும் போட்டிருந்தது, ஆண்டிபட்டி ஆஸ்பத்திரியிலேயே, பிறந்த அன்றைக்கே. கோகிலா மட்டும் ரித்தீஷை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சிஸ்டர் இரண்டாவது தடவை கேட்டபோதுதான் அழுதாள்.

"இவன் பொறந்த அன்னைக்கு அஷ்டமிங்க. பச்சை உடம்புல அன்னைக்கு ஊசி ஏத்தக் கூடாதுன்னு எங்க மாமியார் சொல்லிட்டாங்க. அடுத்த நாள் நவமி. அப்புறம் வீட்டுக்கு வந்துட்டோம். ஒன்றரை மாசத்துல ஒண்ணு போட்டோம், காய்ச்சல் கொதிச்சுது, தொடை வீங்கிருச்சு. அப்புறம் நான் கூட்டிட்டே போகலைங்க."

அவ்வளவு பேசினவள், பார். ஊரில் உள்ள பிள்ளைகளுக்கெல்லாம் சுகந்தியால் ஆபத்து என்றவள். ஆனால் அன்றைக்கு அதைச் சொல்லிக்காட்ட எனக்கு வாய் வரவில்லை. ரித்தீஷ் என் இடுப்பிலேயே வளர்ந்தவன். என் கையால் அவன் கழுத்தில் குத்தியிருக்கிறேன்.

மறுநாளே ரித்தீஷுக்கு ஊசி போட்டார்கள். தமிழினிக்கு ரத்தம் எடுத்தார்கள். அந்தக் குழந்தைக்கு இல்லை என்று வந்தால் ரித்தீஷுக்கும் பயமில்லை. இருக்கிறது என்று வந்தால்? அந்த முடிவு வருகிற வரைக்கும் நான் பட்டது எனக்குத்தான் தெரியும். வீட்டில் ஒரு குழந்தை இல்லை. எல்லாரும் லீவு போட்டுவிட்டு அவரவர் குழந்தையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் பெருக்கின வீட்டையே பெருக்கினேன். பாயைத் துவைத்தேன், காய்ந்தது, மறுபடி துவைத்தேன். ஊக்குகளையெல்லாம் கழற்றிக் குழி தோண்டிப் புதைத்தேன். பிறகு யாராவது தோண்டிவிட்டால் என்று பயந்து, தோண்டி எடுத்து அடுப்பில் போட்டேன். எங்கள் வீட்டுக்காரர் ஒரு வார்த்தைகூடக் கேலி பேசவில்லை. அதுதான் எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது.

தமிழினிக்கு ஒன்றும் இல்லை என்று வந்தது.

ஒன்றுமே இல்லை, அம்முணி. பிறந்த அன்றைக்குப் போட்ட ஊசி காப்பாற்றியிருக்கிறது என்றார் சிஸ்டர். அத்தனை நாள் வாசலில் உட்கார்ந்திருந்த குழந்தைக்கு ஒன்றுமே இல்லை. ஊசி போடாத பிள்ளை நடுவீட்டில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தான். நான் நல்ல சேதி சொல்ல ஓடினேன். ஸ்வீட் வாங்கிக்கொண்டு சுகந்தி வீட்டுக்குப் போனால் வீடு பூட்டியிருக்கிறது. அவிநாசிப் பக்கம் வீடு பார்த்துப் போய்விட்டாளாம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் என்ன செய்துவிட்டேன் அவளுக்கு? எல்லாரும் துரத்து என்றபோது துரத்தாமல் வைத்துக்கொண்டது நான். அதற்கு இதுதான் மரியாதையா? இதை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. நீயே சொல்.

சரி, நீ சொல்ல வேண்டாம்.

பிள்ளைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. கோகிலாவும் கொண்டுவந்து விட்டாள், வேறு யாரிடம் விடுவாள்? முகம் கொடுத்துப் பேச மாட்டாள், குழந்தையை மட்டும் நீட்டுவாள். இப்போது ஒவ்வொருத்தருக்கும் அவரவர் வீட்டு நகவெட்டி. கட்டி வந்தால் டாக்டர். விழுந்து முட்டியில் சிராய்ப்பு என்றால் கையுறை மாட்டித்தான் துடைப்பேன், துடைத்த இடத்தைப் பிளீச்சிங் போட்டுக் கழுவுவேன். சிஸ்டர் வந்து வந்து பார்த்தார். ஒரு தடவை கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார், "நீங்க எப்போ ரத்தம் பாக்கப் போறீங்க?"

"நானா? எனக்கென்னங்க?"

"அந்த ஊக்கு உங்க விரல்லயும் குத்தியிருக்கும்ல. இத்தனை வருசத்துல எத்தனை புள்ளைங்க, எத்தனை பேர் ரத்தம். உங்க காலத்துல உங்களுக்கு ஊசியும் போட்டிருக்க மாட்டாங்க."

எனக்குக் கோபம் வந்தது. காமாலைக்காரி என்று என்னைச் சொல்கிற மாதிரி இருந்தது. நாளைக்குப் போகிறேன் என்றேன். நாளைக்குத் தலைவலி. மறுநாள் அமாவாசை. பிறகு பிள்ளைகளைப் பார்க்க ஆள் இல்லை. இருக்கிறது என்று வந்தால் என்ன செய்வேன், சொல். என்னிடம் ஒரு தாய் குழந்தையை விடுவாளா? எங்கே உட்கார வைப்பார்கள் என்னை? ஒரு குழந்தை என் மேல் ஏறிப் படுத்தால் பயம், எச்சில் ஒழுக முத்தம் கொடுத்தால் பயம். தூக்கினால் வராது என்று சிஸ்டர் சொன்னதை நானும்தான் காதால் கேட்டேன். காதால் கேட்டதை உடம்பு நம்ப வேண்டாமா? ரசம் வைக்கும்போது விரலைக் கத்தி கீறிவிட்டது, அந்தச் சட்டி ரசத்தையே கீழே கொட்டினேன்.

கடைசியில் போனேன். இங்கே போனால் லைன் முழுக்கத் தெரிந்துவிடும் என்று பஸ் ஏறி அவிநாசிக்குப் போனேன். ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார இடமில்லை. ஒரு பெண் நகர்ந்து இடம் விட்டாள். உட்கார்ந்து திரும்பிப் பார்த்தால் சுகந்தி. மடியில் கைக்குழந்தை, ஆண் குழந்தை, வாய் கோணிக் கொட்டாவி விடுகிறது.

எழுந்து போய்விடலாமா என்று இருந்தது. அவள்தான் முதலில் பேசினாள்.

"என்னக்கா, உடம்புக்கு என்ன?"

"ரத்தம் பாக்க வந்தேன்" என்றேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை.

"உன் பையனுக்கு ஊசி..."

"பொறந்த அன்னைக்கே போட்டாச்சுக்கா. ஒரு தொடையில தடுப்பூசி, இன்னொரு தொடையில வேற ஒரு மருந்து. என்னைய மாதிரி இருக்கறவங்க புள்ளைக்கு அதுவும் போடணுமாம். வீட்டுக்காரர் வாசல்லயே நின்னு நர்ஸை விரட்டிட்டே இருந்தாரு, எங்க இன்னும் போடலன்னு."

உள்ளேயிருந்து அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். அவளும் மாதாமாதம் காட்ட வேண்டுமாம். "கொஞ்சம் பிடிங்கக்கா" என்று குழந்தையை நீட்டினாள். நான் கையை நீட்டவில்லை. எனக்கு என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியாது. பிறந்து நாற்பது நாள்கூட ஆகாத குழந்தை.

"எனக்கு இன்னும் பாக்கலை சுகந்தி. இருந்துச்சுன்னா?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். சிரித்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது. "இருந்தாலும் தூக்கலாம்க்கா" என்று குழந்தையை என் மடியில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

நான் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அது என் சேலையைப் பிடித்து வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது. அவள் திரும்பி வந்து வாங்கிக்கொண்டாள். தமிழினி எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். பால்வாடிக்குப் போகிறாளாம். மறுபடி என்னிடம் விடுகிறாயா என்று கேட்டதற்கு, "அவ வாசல்ல போய் உக்காந்துக்கறாக்கா, எங்க போனாலும்" என்று மட்டும் சொன்னாள். அதற்கும் நான் கேட்டதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

பிறகு என் பெயரைக் கூப்பிட்டார்கள். போனேன். கையை நீட்டினேன். கண்ணை மூடிக்கொண்டேன். முடிவு வாங்க அடுத்த வாரம் போனபோதும் நானே படிக்காமல் அங்கே இருந்த பெண்ணைத்தான் படிக்கச் சொன்னேன். இல்லை என்றாள். இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். இல்லை என்றுதான் இருந்தது. இனிமேல் வராமல் இருக்க ஊசி உண்டு, பெரியவர்களும் போட்டுக்கொள்ளலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். மருந்துக்கடையில் வாங்கி ஐஸ் போட்டு எடுத்துக்கொண்டு நேராக ஸ்டெல்லா சிஸ்டரிடம் போனேன். அன்று புதன்கிழமை, குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுகிற நாள். பெஞ்சு முழுக்கக் கைக்குழந்தைகளோடு தாய்மார்கள். மடியில் குழந்தை இல்லாமல் அந்த வரிசையில் உட்கார்ந்தவள் நான் ஒருத்திதான். "அம்மா, உங்க பேரப்புள்ள எங்கே?" என்று கேட்டார்கள். எனக்குத்தான் என்று சொல்லிவிட்டு, முறை வந்ததும் ரவிக்கைக் கையைத் தோள் வரைக்கும் ஏற்றிப் பிடித்துக்கொண்டேன்.